நெறி கட்டியிருந்தால் புண்ணைத் தேடுங்கள்

ஐப்பசி மழை ஓய்ந்து புல் முழங்கால் உயரம் வளர்ந்ததும் எங்கள் பக்கத்து மலையடிவார ஊர்களில் ஒரு காய்ச்சல் தொடங்கும். தை பிறக்கும்வரை விடாது. மாட்டுக்குப் புல் அறுக்கிறவர்கள், விறகு பொறுக்கப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், ஏரிக்கரையில் விளையாடும் பிள்ளைகள் என்று வரிசையாக வருவார்கள். மருத்துவர்களாகிய நாங்கள் ஸ்கரப் டைபஸ் என்று எழுதுகிறோம். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வருகிறது.

சென்ற ஆண்டு வந்த ஒரு பெண்ணுக்கு 40 வயது இருக்கும். 8 நாள் காய்ச்சல். கையிலிருந்த மஞ்சள் பை நிறையச் சீட்டுகள். டெங்கு இல்லை என்றது ஒரு சீட்டு, டைபாய்டு என்றது இன்னொன்று. மூன்று நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. தட்டணுக்கள் குறைந்திருந்தன, கண்கள் சிவந்திருந்தன, பேசும்போது மூச்சு வாங்கியது.

"உடம்பில் எங்காவது புண் இருக்கிறதா அம்மா?"

"ஒன்றுமே இல்லைங்க டாக்டர்."

இடது அக்குளைத் தொட்டதும் முகம் சுளித்தார். நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. காலில் புண் வந்தால் தொடையில் நெறி கட்டும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரிந்த விஷயம். புண் இல்லாமல் நெறி எதற்குக் கட்டுகிறது? திரையை இழுத்துவிட்டு, செவிலியரை மறுபடியும் பார்க்கச் சொன்னேன். இடது மார்பின் அடி மடிப்பில் இருந்தது. அந்த அம்மாவுக்கே தெரியாது. வலிக்காத, அரிக்காத புண்ணை யார் கவனிப்பார்கள்?

அந்தப் புண்ணை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். ஆனால் வியர்வை தங்கும் மடிப்புகளில் பொருக்கு காய்வதில்லை. அங்கே மஞ்சள் அடியோடு ஆழமில்லாத சிறு புண்ணாகத்தான் தெரியும். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ், பாவாடை நாடா கட்டும் இடம், அரைஞாண் கயிற்றின் அடி, பிட்டம், விதைப்பை, குழந்தைகளுக்குக் காதின் பின்புறம் என்று தேட வேண்டும். எல்லோருக்கும் இந்தப் புண் வராது. அது இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

இதைக் கொண்டுவருவது நாய் மேல் ஊரும் உண்ணி அல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அது தேடுவது எலியை, நாம் குறுக்கே போய்விடுகிறோம். எச்சிலால் தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு சில நாள் ஒட்டியிருந்துவிட்டு விழுந்துவிடும். அந்த எச்சிலோடு ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா நமக்குள் இறங்குகிறது. தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு இக்கிருமி போய்ச் சேர்வதால், எலியை மட்டும் கொன்று நோயை ஒழிக்க முடியாது.

உள்ளே வந்தபின் இக்கிருமி செய்வதை நினைத்தால் இத்தனை ஆண்டு கழித்தும் எனக்கு வியப்பாக இருக்கிறது. நம் செல் ஒரு கிருமியை விழுங்கினால், ஒரு பைக்குள் அடைத்துச் செரித்துவிடப் பார்க்கும். இதுவோ விழுங்கப்படுவதற்கே காத்திருக்கிறது. பையைக் கிழித்து வெளியே வந்து, செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்து நடக்கும் நுண்குழல் தடங்களில் ஏறி, உட்கருவின் பக்கத்தில் போய்த் தங்கிப் பெருகுகிறது. கிளம்பும்போது நம் செல்லின் சவ்விலேயே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போகிறது. இரத்தக் குழாய்களின் உட்பூச்சாக இருக்கும் செல்கள் இதற்குப் பிடித்த இடம். அவை பழுதானால் குழாய் கசியும். குழாய் இல்லாத உறுப்பு ஏது? நுரையீரலில் கசிந்தால் மூச்சுத்திணறல், மூளையில் என்றால் குழப்பமும் வலிப்பும், சிறுநீரகமும் கல்லீரலும்கூடத் தப்புவதில்லை.

அந்த அம்மாவுக்குப் போட்ட ஊசி ஏன் கேட்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகள் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பவை. இக்கிருமிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான சுவரே இல்லை, இருப்பதும் நம் செல்லுக்குள். செல்லுக்குள் நுழைந்து கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்தும் டாக்சிசைக்ளின் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். இரண்டும் விலை அதிகமில்லாத, பழைய மருந்துகள். நோய் முற்றாதவர்களுக்குப் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டுவிடும். முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பதே மேல் என்று, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று இந்திய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. 1948இல் கோலாலம்பூரில் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடெல் குழுவினர் குளோராம்பெனிகால் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தைக் கொடுத்துக் குணப்படுத்தும்வரை இந்நோய்க்கு உறுதியாகக் கேட்கும் மருந்து கிடையாது என்பதை மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன்.

நோயைக் கண்டறிய எலிசா என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் காய்ச்சலின் முதல் சில நாள்களில் அது பொய்யாக 'இல்லை' என்று சொல்லக்கூடும். அதனால் புண்ணும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவோம். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். மருத்துவரிடம் இரண்டு விஷயம் சொன்னால் போதும்: கடந்த மூன்று வாரத்தில் புல், புதர் பக்கம் போனீர்களா, உடம்பில் வலியில்லாத புண் இருக்கிறதா. கூச்சப்படும் இடமாக இருந்தாலும் சொல்லுங்கள். புல்லிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளிப்பது, உடுத்திய துணியை உடனே துவைப்பது, வெறும் புல்லில் உட்காராமலும் துணி உலர்த்தாமலும் இருப்பது, இவ்வளவுதான் தற்காப்பு. தடுப்பூசி இல்லை.

நான்காம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த அம்மா, மகனுக்கும் இரண்டு நாளாக உடம்பு சுடுகிறது என்றார். இது ஆளுக்கு ஆள் தொற்றாது. ஆனால் புல்கட்டு தூக்க அவனும் கூடப் போயிருக்கிறான். அன்று மாலையே அழைத்து வந்தார். "அரைஞாண் கயிற்றின் கீழே நானே பார்த்துவிட்டேன் டாக்டர்" என்று அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். மிளகு அளவுக்குக் கறுப்பாக இருந்தது. அவனைப் படுக்கையில் சேர்க்க வேண்டிய தேவையே வரவில்லை.