‘ஓல்ட் டைம்’ இசை: பழங்காலமா, அந்தக்காலமா?

அமெரிக்க ஊர்ப்புறத்தின் ‘ஓல்ட் டைம் கண்ட்ரி மியூசிக்’ பாடி இசைத்தட்டு வெளியிட்ட ஒரு தம்பதியைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும். ‘பழங்கால நாட்டுப்புற இசைத் தம்பதி’ என்று எழுதிப் பாருங்கள். நமக்கு உடனே மதுரையின் விஜயலட்சுமி – நவநீதகிருஷ்ணன்தான் நினைவுக்கு வருவார்கள். வர்ஜீனியா மலையடிவாரத்தில் கிதாரோடு உட்கார்ந்திருக்கும் கணவனும் மனைவியும் வரமாட்டார்கள். ‘தம்பதி’ என்பதில் குறை இல்லை. மற்ற இரண்டு சொற்களும்தான் வேறு பக்கம் இழுத்துப் போகின்றன.

முதலில் ‘கண்ட்ரி’. லத்தீனில் ‘கோன்ட்ரா’ என்றால் எதிரே. அதிலிருந்து ‘கோன்ட்ராட்டா’ பிறந்தது. கண்ணுக்கு எதிரே விரிந்து கிடக்கும் நிலம் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், தேசத்தையும் குறித்தது, நகரத்துக்கு வெளியே உள்ள ஊர்ப்புறத்தையும் குறித்தது. நம் ‘நாடு’ம் ஏறக்குறைய அப்படித்தான். தாய்நாடு என்கிறோம், நாட்டுப்புறம் என்றும் சொல்கிறோம். இவ்வளவு பொருந்திவருவதால் ‘நாட்டு இசை’ என்று போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை என்று சொல்லும்போது அந்த ‘நாட்டு’ நம்முடையது என்ற பொருளைத் தருகிறது. ‘நாட்டுப்புற இசை’யோ ஏற்கெனவே வேறொன்றுக்குப் பெயராகிவிட்டது. அதனால் ஜாஸை ஜாஸ் என்றே எழுதுவது போல, இதையும் ‘கண்ட்ரி இசை’ என்று எழுதுவதே நல்லது என்பது என் முடிவு.

அடுத்தது ‘ஓல்ட் டைம்’. இது ஒரு வகையில் கடைக்காரர் வைத்த பெயர். 1923 ஜூனில் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக, பதிவுகளைக் கவனித்துவந்த ரால்ப் பியர் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சனின் பிடிலையும் பாட்டையும் பதிவு செய்தார். பியருக்கு அந்தக் குரல் பிடிக்கவே இல்லை. ஆனால் தட்டு விற்றது. சரி, இந்தச் சரக்கை என்ன பெயரில் விற்பது? ‘ஓல்ட் டைம் டியூன்ஸ்’ என்று ஓகே விளம்பரம் செய்தது. 1925-இல் ‘ஹில்பில்லி’ என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. மலைக்காட்டுப் பட்டிக்காட்டான் என்று ஏளனமாகச் சொல்லும் சொல் அது. பில்போர்டு பத்திரிகை தன் பட்டியலுக்குக் ‘கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்று பெயர் வைத்தது 1949-இல்தான். பிறகு மின்கிதாரும் டிரம்ஸும் கண்ட்ரிக்குள் நுழைந்தன. அதற்கு முந்தைய பாணியோடு ‘ஓல்ட் டைம்’ தங்கிவிட்டது.

இந்தப் பெயர்கள் ஒரு அநியாயமும் செய்தன. கறுப்பினப் பாடகர்களின் தட்டுகள் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ (இனத் தட்டுகள்) என்று தனியே விற்கப்பட்டன. பாஞ்சோ ஆப்பிரிக்க வழியில் வந்த வாத்தியம், பாட்டுகளும் கறுப்பினத்தார், வெள்ளையர் என இரு பக்கமும் போய்வந்தவை. கடைப் பட்டியல்தான் அவற்றை இரண்டாகப் பிரித்தது.

அந்தப் பாணி எப்படி இருந்தது என்று காட்ட ஏ.பி. கார்ட்டர், சாரா தம்பதியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1915-இல் கல்யாணம். 1927 ஆகஸ்டில், டென்னசி – வர்ஜீனியா எல்லைக்கோடு நடுத்தெருவில் ஓடும் பிரிஸ்டல் ஊரில், தொப்பிக் கம்பெனிக் கட்டடம் ஒன்றில் பியர் வைத்திருந்த மைக்கின் முன் நின்றார்கள். கூடவே மேபெல். அவர் சாராவின் ஒன்றுவிட்ட தங்கை, ஏ.பி.யின் தம்பி மனைவியும்கூட. அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் ஆறு பாட்டு.

சாராவின் குரல் தாழ்ந்து, கனத்து, அலங்காரமே இல்லாமல் வரும். கையில் ஆட்டோஹார்ப் என்ற கம்பி கட்டிய பெட்டி வாத்தியம். அந்தப் பெட்டியின் மேல் குறுக்குப் பட்டைகள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் வேண்டாத கம்பிகள் அடங்கிவிடும். மிச்சத்தைத் தடவினால் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மட்டும் ஒலிக்கும். மேபெல் கட்டைவிரலால் கிதாரின் தடித்த கம்பிகளில் மெட்டை வாசித்துக்கொண்டே, மற்ற விரலால் மெல்லிய கம்பிகளை வருடித் தாளம் பிடிப்பார். ஏ.பி. தனக்குத் தோன்றும்போது கீழ்க்குரலில் சேர்ந்துகொள்வார், தோன்றாவிட்டால் சும்மா நிற்பார். கேட்பவருக்கு அது குறையாகவே தெரியாது.

பாட்டுகளை ஏ.பி. வீடு வீடாகப் போய்ச் சேகரித்தார். உடன் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்ள, ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொண்டு திரும்புவார். தட்டின் மேல் ரிடிலின் பெயர் வரவில்லை. 1930-களில் ஏ.பி.யும் சாராவும் பிரிந்து மணவிலக்கும் பெற்றார்கள். ஆனாலும் 1941 வரை சேர்ந்தே பதிவு செய்தார்கள். அந்தத் தட்டுகளை ‘தம்பதி’ பாடியவை என்று எழுதுவது பிழை. ஆண்டைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லைப் போடவேண்டும்.

இவர்கள் பாடியதை ‘பழங்கால இசை’ என்றால் சங்க காலத்துக்குப் போய்விடும். ‘தொன்மை இசை’ இன்னும் தூரம். நம் வாயில் தினம் புழங்கும் ‘அந்தக்கால’ என்ற சொல்தான் இங்கே பொருந்துகிறது. உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பவரையே ‘அந்தக்காலத்து மனுஷர்’ என்கிறோம். நேற்றுக் கட்டிய வீட்டையும் ‘அந்தக்கால மோஸ்தர்’ என்கிறோம். வயதைவிட நடைமுறையைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ‘ஓல்ட் டைம்’ குறிப்பதும் அதையேதான். ஆகவே, ‘அந்தக்காலக் கண்ட்ரி இசை’.

ஏ.பி., சாரா இருவரின் மகள் ஜேனட் 1974-இல் அப்பாவின் பழைய மளிகைக்கடையிலேயே சனிக்கிழமைக் கச்சேரிகளைத் தொடங்கினார். கூட்டம் பெருகியதும் பக்கத்திலேயே ஒரு கொட்டகை எழுந்தது. வாத்தியங்களுக்கு மின்சாரம் கூடாது என்பது அங்கே விதி. மேடையேறுகிறவர் இருபது வயதுப் பிள்ளையாக இருக்கலாம், வாசிப்பது அந்தக்கால இசை.