பாந்தீயிசம்: அனைத்திறைக் கொள்கை

உலகம் அனைத்துமே கடவுள், கடவுள் வேறு உலகம் வேறு அல்ல என்னும் கொள்கையே பாந்தீயிசம். கிரேக்கத்தில் ‘பான்’ என்றால் அனைத்தும். ‘தியோஸ்’ என்றால் கடவுள். வேர்கள் பழமையானவையே எனினும் இரண்டையும் இணைத்த சொல் பிற்காலத்தது. ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜோசப் ராப்சன் 1697-இல் வெளியிட்ட இலத்தீன் நூலொன்றில் அது ‘பாந்தெயிஸ்முஸ்’ என வருகிறது; 1705-இல் அயர்லாந்தினரான ஜான் டோலண்டு இக்கொள்கையரைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலத்தில் ஆண்டார். ‘கடவுள் அல்லது இயற்கை’ என்று இரண்டையும் ஒன்றாகவே எழுதி, 1677-இல் மறைந்த டச்சு மெய்யியலாளர் ஸ்பினோசா, பின்னாளில் தம்மீது சூட்டப்பட்ட இப்பெயரை அறிந்தவர் அல்லர். கி.மு. 300 அளவில் ஏதென்சில் சீனோ தொடங்கிய ஸ்தோயிக்கர் என்னும் மெய்யியல் மரபும் உலகையே உயிருள்ள ஓர் இறையுடலாகக் கண்டது.

பாந்தீயிசத்தைக் ‘கடவுள் எங்கும் இருக்கிறார்’ என்னும் கருத்தோடு பலர் குழப்பிக்கொள்கின்றனர். உப்பு கரைந்த நீரில் எத்துளியைச் சுவைத்தாலும் உப்பு உண்டு. ஆயினும் உப்பு வேறு, நீர் வேறு. மட்குடத்திலோ மண்ணை நீக்கினால் எஞ்சுவது எதுவுமில்லை. பாந்தீயிசம் பேசுவது இந்த இரண்டாம் உறவையே. ‘இதெல்லாம் பிரம்மமே’ என்னும் சாந்தோக்கிய உபநிடத வாக்கு இதற்கு மிக அண்மையில் நிற்கிறது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) என மூன்றையும் என்றுமுள்ள தனிப்பொருள்களாகக் கொள்ளும் சைவ சித்தாந்தம் இதில் அடங்காது.

பாந்தீயிசத்துக்கு ஈடாகத் தமிழில் சிலர் வழங்கும் ‘சர்வேசுவரவாதம்’ என்னும் சொல் பொருந்தாது. சர்வேசுவரன் அனைத்தையும் ஆள்பவன். ஆள்பவன் என்றதுமே ஆளப்படுவது வேறாகிவிடுகிறது. படைப்பிலிருந்து வேறான கடவுளையே தமிழ்க் கத்தோலிக்கர் ‘சர்வேசுரன்’ என்றனர் என்பதையும் எண்ண வேண்டும். ‘அனைத்திறைக் கொள்கை’ என்பதே தக்கது என்பது என் துணிபு. ‘இறைவன்’ என்னாமல் ‘இறை’ என நிறுத்துவதால், ஆண்பால் ஈறும் அது சுட்டும் ஆள் வடிவமும் நீங்குகின்றன; ‘இறு’ என்னும் அடிக்குத் தங்குதல் என்ற பொருளும் உண்டு.

அனைத்தும் இறைக்குள் அடங்கும், ஆயினும் இறை அவற்றினும் பெரிது என்னும் கருத்துக்கு 19-ஆம் நூற்றாண்டில் செருமானிய மெய்யியலாளர் கிரௌசே ‘பானென்தீயிசம்’ என வேறு பெயரிட்டார். அதனை ‘இறையுள் அனைத்துக் கொள்கை’ எனலாம். பரிபாடலின் மூன்றாம் பாடல் திருமாலை நோக்கித் ‘தீயினுள் தெறல் நீ, பூவினுள் நாற்றம் நீ’ என அடுக்கிச் சென்று, ‘அனைத்தும் நீ, அனைத்தின் உட்பொருளும் நீ’ என்கிறது. ‘அனைத்தும் நீ’ என்பது அனைத்திறைக் கொள்கையின் கூற்று. ‘உட்பொருளும் நீ’ என்றவுடன் பொருளுக்கும் அதன் உள்ளிருப்பதற்கும் இடையே நூலளவு இடைவெளி பிறந்துவிடுகிறது.