பப்: மது இல்லாத ஒரு சொல்

'பப்' என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது நட்சத்திர ஓட்டல் மாடியில் இருக்கும் இருட்டறைதான். நீல விளக்கு, காதைப் பிளக்கும் டிஜே, வாசலில் கறுப்புச் சட்டை பவுன்சர், ஜோடியாக வந்தால்தான் அனுமதி. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு 'பாரம்பரிய பப் ஒன்றில் நடக்கும் மேடை மியூசிக்கல்' (பாட்டும் வசனமும் கலந்த நாடகம்) என்று ஒரு வரியைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். பப்பில் என்ன பாரம்பரியம்?

'தி கொயர் ஆஃப் மேன்' என்ற பிரிட்டிஷ் மேடை நிகழ்ச்சியைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இந்தச் சொல் இடறும். 2017இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃபிரிஞ்ச் கலை விழாவில் தொடங்கி, 2021இல் லண்டன் ஆர்ட்ஸ் தியேட்டருக்கு வந்த நிகழ்ச்சி அது. மேடை முழுக்க ஒரு பப், ஒன்பது ஆண்கள். கவிஞர், முரடர், கோமாளி, அறுவை ஆசாமி, கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் பார்மேன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குணமே அடையாளம். பாட்டுகள் எல்லாம் ஏற்கெனவே எல்லாரும் அறிந்தவை. ஆட்டம் தொடங்குமுன் பார்வையாளர்கள் மேடையேறிப் போகலாம், நிஜ பீர் ஊற்றிக் கொடுப்பார்கள், குடித்துவிட்டு இருக்கைக்குத் திரும்பலாம். இதை 'மதுக்கூடத்தில் நடக்கும் நாடகம்' என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் எதைக் கற்பனை செய்வார் என்று சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், தாளில் கொட்டிய சுண்டல்.

சரி, சொல்லின் வேரைப் பார்ப்போம். பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். நீண்ட வடிவம் 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பொருளில் வழங்கத் தொடங்கியது. சுருக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது. இரண்டு வடிவத்திலும் மது என்ற பேச்சே இல்லை. பொது, வீடு, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் இங்கிலாந்தில் மூன்று வகை இடங்கள் இருந்தன. வாற்கோதுமை ஊறலில் காய்ச்சிய ஏல் விற்ற இடம் ஏல்ஹவுஸ். திராட்சை மது விற்ற இடம் டேவர்ன். கடை, குடில் என்று பொருள்படும் 'தபெர்னா' என்ற லத்தீன் சொல்லின் வாரிசு. இரவு தங்கக் கட்டில் கொடுத்த இடம் இன். இந்த மூன்றையும் ஒரே குடையில் போட்டுச் சொல்ல வந்ததே பப்ளிக் ஹவுஸ். தமிழ்ச் செய்திகளில் பப்பை 'மதுபான விடுதி' என்று எழுதுகிறார்களே, அந்த 'விடுதி' உண்மையில் இன்னுக்குச் சேர வேண்டியது. பல பப்புகளில் படுக்க இடமே கிடையாது.

வீடு என்ற சொல் அலங்காரத்துக்கு வந்ததல்ல. இடைக்கால இங்கிலாந்தில் ஏல் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. தங்கள் தேவைக்குப் போக மிஞ்சியதை விற்பார்கள். புது ஊறல் தயாரானால் வாசலில் ஒரு கழியை நீட்டி, அதன் நுனியில் தழைக்கொத்தைக் கட்டுவார்கள். தழை தெரிந்தால் உள்ளே போகலாம். 1393இல், இரண்டாம் ரிச்சர்டு ஆட்சியில், ஏல் விற்பவர் வாசலில் அடையாளம் வைத்தே தீரவேண்டும் என்று விதியானது. சோதிக்க வரும் அதிகாரி வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமே. இன்றும் பப் வாசலில் ஆடும் சிவப்புச் சிங்கமும் வெள்ளை மானும் அந்தக் கழியின் வழித்தோன்றல்கள்.

1830இல் வந்த பீர் சட்டம் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. வரி கட்டும் குடித்தனக்காரர் எவரும் 2 கினி (அந்தக் காலப் பிரிட்டிஷ் நாணயம்) செலுத்தி உரிமம் வாங்கிவிட்டால், தன் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம். ஜின் குடியைக் குறைக்க நினைத்த அரசு செய்த ஏற்பாடு. சில ஆண்டுகளில் பல்லாயிரம் வீடுகளின் முன்னறைகள் குடிக்கும் இடமாகிவிட்டன. அதனால்தான் பழைய பப்பில் ஒரு வீட்டுக்கூடத்தின் சாயல் இருக்கும்: கணப்பு, கம்பளம், பழைய பியானோ, மூலையில் படுத்திருக்கும் நாய், சுவரில் ஊசி எறியும் வட்டப் பலகை. நடத்துபவரை லேண்ட்லார்டு என்பார்கள். அதைத் துணைத்தலைப்பில் 'வீட்டு உரிமையாளர்' என்று பெயர்த்துவிட்டால், யாரோ வாடகை கேட்டு வந்துவிட்டார் என்று படம் பார்ப்பவர் நினைத்துக்கொள்வார்.

இதுபோல வழுக்கிவிடும் சொற்கள் பப்பைச் சுற்றி நிறைய. பலகையில் 'ஃப்ரீ ஹவுஸ்' என்றிருந்தால் எதுவும் இலவசம் இல்லை. எந்த ஒரு மது ஆலைக்கும் கட்டுப்படாமல் எவரிடமும் சரக்கு வாங்கி விற்கும் பப் என்று அர்த்தம். 'சலூன் பார்' என்பது முடி வெட்டும் இடமில்லை. கம்பளமும் மெத்தை இருக்கையும் கொஞ்சம் கூடுதல் விலையுமாகக் கனவான்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பக்கம். உழைப்பாளிகள் நின்று குடித்த பக்கம் பப்ளிக் பார். நம் ஊர் 'ரவுண்டு' வேறு, அவர்கள் ரவுண்டு வேறு. இங்கே 'ரெண்டு ரவுண்டு போட்டான்' என்றால் அவன் குடித்த கணக்கு. அங்கே 'இது என் ரவுண்டு' என்றால் கூட வந்த எல்லாருக்கும் இந்த முறை நான் வாங்குகிறேன் என்று பொருள். நாலு பேர் சேர்ந்தால் நாலு பேரும் ஆளுக்கு ஒரு முறை வாங்கியாக வேண்டும். தன் முறை வரும்போது கழிப்பறைக்கு நழுவுகிறவனை ஊரே நினைவில் வைத்திருக்கும்.

பப் நடத்துபவருக்கு இன்னொரு பெயர் பப்ளிகன். லத்தீனில் 'பப்ளிகானுஸ்' என்றால் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவர். விவிலியத்தில் இயேசுவோடு உணவருந்திய அந்த ஆட்களைத் தமிழ் வேதாகமம் 'ஆயக்காரர்' என்று மிகச் சரியாகப் பெயர்த்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதே சொல்லைப் பப் நடத்துபவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஆகவே பழைய ஆங்கில நூலில் பப்ளிகனைக் கண்டால் மொழிபெயர்ப்பவர் முதலில் ஆண்டைப் பார்ப்பது நல்லது.

அப்புறம், பாட்டு எங்கிருந்து வந்தது? பப்பிலிருந்துதான். ஷெஃபீல்டு நகரத்தின் வடமேற்கே உள்ள சிற்றூர்களில் நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வரை பப்புகளில் ஊரே கூடி கேரல் பாடும். தேவாலயங்கள் விக்டோரியா காலத்தில் ஒழுங்கான புதுப் பாட்டுகளுக்கு மாறியபோது வெளியே தள்ளிய பழைய மெட்டுகளுக்கு இடம் கொடுத்தவை இந்தப் பப்புகளே. ஒரே பாட்டுக்கு ஊருக்கொரு மெட்டு. மேடை கிடையாது, பாடகர் குழுவும் கிடையாது. கையில் கோப்பையோடு தோள் இடிக்க நிற்கும் கூட்டம்தான் பாடும். ஆண்கள் கீழ்க்குரலைப் பிடித்துக்கொள்ள, பெண்கள் மேலே எடுப்பார்கள்.

நகரங்களில் இது தொழிலானது. பெரிய பப்புகள் பின்கட்டில் பாட்டுக்கூடம் வைத்தன. 1843ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் அவற்றை ஒரு முடிவெடுக்க வைத்தது: நாடகம் போட உரிமம் வாங்கினால் அரங்கில் குடி கூடாது, குடியும் புகையும் வேண்டுமென்றால் முழு நாடகம் போடக்கூடாது, பாட்டும் வேடிக்கையும் மட்டும். இரண்டாவதைத் தேர்ந்தவர்கள் வளர்த்தெடுத்ததே மியூசிக் ஹால். லண்டனின் லாம்பெத் பகுதியில் கேன்டர்பரி டேவர்னை நடத்திய சார்லஸ் மார்ட்டன் 1852இல் அதையொட்டிக் கட்டிய கேன்டர்பரி ஹால் இதற்கு முன்மாதிரி. கிழக்கு லண்டனில் 1859இல் ஒரு பப்பின் பின்னால் எழுந்த வில்ட்டன்ஸ் மியூசிக் ஹால் இன்றும் நிற்கிறது. நாடகத்தையும் கோப்பையையும் சட்டம் பிரித்து வைத்ததைத்தான் இன்றைய மேடை மறுபடி சேர்த்து வைக்கிறது. 2012இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்து அந்த ஆண்டின் சிறந்த மியூசிக்கலுக்கான டோனி நாடக விருதை வென்ற 'ஒன்ஸ்' டப்ளினில் நடக்கும் கதை. அதன் அரங்கமைப்பே ஒரு ஐரிஷ் பப். ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் பார்வையாளர்கள் மேடையேறி அந்தக் கல்லாவில் காசு கொடுத்துக் குடிக்கலாம். நடிகர்களே வயலினும் கிட்டாரும் வாசித்துக்கொண்டிருப்பார்கள். பார்வையாளர்கள் பக்கம் விளக்கு மெல்ல மங்கும், கதை எப்போது தொடங்கியது என்றே தெரியாது.

மியூசிக்கல் என்பதும் ஒரு சுருக்கமே. 1890களில் லண்டனில் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் நடத்திய கெயிட்டி தியேட்டர் வழியாகப் புகழ்பெற்ற 'மியூசிக்கல் காமெடி'யின் வால் அறுந்து மியூசிக்கல் ஆனது. இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். இசைநாடகம் என்ற சொல் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மரபில் உயிரோடு இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தில் பாட்டு உண்டு, வசனம் உண்டு, பபூன் உண்டு, மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரர் உண்டு. பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும் இந்த வடிவம் மியூசிக்கலுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் நம் எழுத்தாளர்கள் ஆப்பெராவுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டு, மியூசிக்கலுக்கு 'இசை நிகழ்ச்சி' என்று எழுதுகிறார்கள். இசை நிகழ்ச்சி என்றால் கச்சேரி. முழுக்கப் பாட்டாகவே ஓடும் ஆப்பெரா வேண்டுமானால் ஆப்பெராவாகவே இருக்கட்டும்.

பப்புக்குத் தமிழ் தேடுவதுதான் பெரும்பாடு. மதுக்கூடம் அரசு அலுவலகச் சொல். டெண்டர் வாசம் அடிக்கும். மதுக்கடை வாங்கிக்கொண்டு போகும் இடம். மனமகிழ் மன்றம் என்று ஒரு அழகான சொல் இருக்கிறது, ஆனால் உறுப்பினர் அட்டை உள்ள கிளப்புகள் அதைப் பிடித்துக்கொண்டன. முன்பின் தெரியாதவரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம் என்பதுதானே பப். இலங்கைத் தமிழில் கள்ளுக் குடிக்கும் இடத்துக்குத் தவறணை என்று பெயர். டேவர்னுக்கு மூலமான அதே ஐரோப்பியச் சொல் கடல் தாண்டி வந்து வல்லின றகரம் போட்டுக்கொண்டது. யாழ்ப்பாண வாசகருக்கு மட்டும் எழுதுவதாக இருந்தால் நான் யோசிக்காமல் தவறணை என்றே போடுவேன். ஊர்க்கதை, வாக்குவாதம், பாட்டு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அதற்கு அடிக்குறிப்பு தேவைப்படும்.

நேர் மொழிபெயர்ப்பான 'பொதுமனை' ஆபத்தானது. பொதுமகளிர் என்ற பழைய சொல்லின் நிழல் அதன் மேல் விழுகிறது. வாசகர் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்.

பட்டினப்பாலையில் ஒரு இடம் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும் புலவர், முற்றத்தில் மீனும் இறைச்சியும் பொரியும் ஓசையோடு ஒரு வீட்டைக் காட்டுகிறார். வாசலில் மணல் குவித்துப் பூத் தூவியிருக்கிறது. 'பலர்புகு மனைப் பலிப்புதவின் நறவு நொடைக் கொடியோடு' என்கிறார். நறவு நொடை என்றால் கள் விற்பனை. இங்கிலாந்தின் தழைக்கழிக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே கள் விற்கும் வீட்டு வாசலில் கொடி. அந்த வீட்டுக்குப் பெயர் 'பலர்புகு மனை'. பலரும் புகுகிற வீடு! பப்ளிக் ஹவுஸைத் தமிழில் இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஒன்றுக்கொன்று தொடர்பு எதுவும் இல்லை. வீடே கடையாக இருந்த இரண்டு ஊர்களில் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது, அவ்வளவே.

பலர்புகு மனையை நாளிதழ்த் தலைப்பில் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். எனவே என் தெரிவு மதுமனை. என்ன கிடைக்கும் என்பதையும் சொல்கிறது, மனையையும் விடவில்லை. 'கடை', 'கூடம்' இரண்டிலும் விழுந்துபோவது அந்த மனைதான். 'பாரம்பரிய மதுமனையில் நிகழும் இசைநாடகம்' என்றால் வாசகர் கணப்பும் பியானோவும் உள்ள இடத்துக்கு ஓரளவாவது வந்து சேர்வார். உரையாடலுக்குள் பாத்திரம் 'பப்புக்குப் போலாமா?' என்று கேட்டால் அதைத் தொடவேண்டாம், பப் அங்கே பப்பாகவே இருக்கட்டும். சென்னை ஓட்டல் மாடியில் இருக்கும் அந்த நீல விளக்கு அறைக்கு மட்டும் தயவுசெய்து மதுமனை என்று எழுதாதீர்கள். ஜோடி இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பும் இடத்தில் பலர் புக முடியாது.