மக்கும் கவர் எங்கே மக்கும்?

போன மாதம் பெங்களூரு அல்சூரில் ஒரு வீட்டு மாடியில் உரத்தொட்டியைக் கொட்டிச் சலித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக் குப்பையில் உரம் தயாரிக்கச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஆறு மாதத்தில் காய்கறித் தோல், டீத்தூள், பூஜைப் பூ எல்லாம் கறுத்து, புதுமழை பெய்த மண்போல மணத்தன. சல்லடையில் தங்கியவை இரண்டு: கண்ணாடி மாதிரி ஒரு ஜூஸ் டம்ளர், அப்புறம் பச்சைப் பச்சையாக ஒரு கைப்பிடி கவர்த் துணுக்குகள்.

"மக்கும்னு போட்டிருந்ததேன்னுதானே தம்பி உள்ளே போட்டேன்" என்றார் அந்த அம்மா.

அவர் மேல் தப்பே இல்லை. டம்ளரும் போலி இல்லை. அது பிஎல்ஏ என்ற மக்கும் பிளாஸ்டிக். சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்கவைத்து, கிடைக்கும் லாக்டிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வது. அந்த நீளச் சங்கிலியை நுண்ணுயிரிகளால் அப்படியே தின்ன முடியாது; முதலில் தண்ணீர் அதைச் சின்னச் சின்னதாக வெட்டித் தர வேண்டும். சூடு 55, 60 டிகிரியைத் தொட்டால்தான் இறுகிக்கிடக்கும் சங்கிலி தளர்ந்து, வெட்டும் வேலை வேகம் பிடிக்கும். ஆளுயரத்துக்குக் குவித்த உரக்குவியலில் அந்தச் சூடு வரும். மாடித் தொட்டி சின்னது, சூடு தங்காது. ஏரித் தண்ணீரிலும் கடலிலும் கேட்கவே வேண்டாம்.

கவரில் போட்டிருக்கும் 'கம்போஸ்டபிள்' (உரமாக மக்கக்கூடியது) என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஐஎஸ்ஓ 17088 என்ற சர்வதேசத் தரமும் இதைத்தான் பார்க்கிறது: சுமார் 58 டிகிரியில், 180 நாளுக்குள், பொருளின் கார்பனில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். கவரில் இந்த நிபந்தனையை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள பிளாஸ்டிக் கவருக்குத் தடை. மக்கும் கவருக்கு அந்தக் கணக்கு இல்லை. கடைகளில் இது பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு டம்ளரைவிடத் துணுக்குகள்தான் கவலை. இந்தக் கவர்களில் பல, ஸ்டார்ச்சும் பிபிஏடி என்ற பிளாஸ்டிக்கும் கலந்தவை. ஸ்டார்ச் சீக்கிரம் போய்விடும். கவர் ஓட்டை விழுந்து கிழியும். பார்ப்பவருக்கு மக்கிவிட்டதாகத் தோன்றும். மிச்சம் மண்ணோடு கலந்து நெடுநாள் கிடக்கும். அந்த பிபிஏடி பெரும்பாலும் பெட்ரோலியத்தில் வருவது, ஆனாலும் மக்கக்கூடியது. கரும்பிலிருந்து வரும் பாலிதீனோ சாதாரண பாலிதீன் போலவே மக்காது. எதிலிருந்து வந்தது என்பது வேறு, எப்படி அழியும் என்பது வேறு.

பாக்டீரியா தன் உடம்பில் கொழுப்புபோலச் சேர்த்துவைக்கும் பிஎச்ஏ என்ற பிளாஸ்டிக் கொஞ்சம் நல்ல பிள்ளை. அதை மண்ணிலும் கடலிலும் மற்ற பாக்டீரியாக்கள் தின்னும். விலைதான் கட்டுப்படியாகவில்லை.

அந்த அம்மாவிடம் மூன்று விஷயம் சொன்னேன். இனி தொட்டியில் கவர் வேண்டாம், குப்பைக்கூடைக்குள் செய்தித்தாள் விரித்தால் போதும். இந்த டம்ளரைத் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துப் பழைய சாமான்காரரிடம் போடக்கூடாது, மறுசுழற்சி கெட்டுவிடும். வேறு வழியில்லாமல் வாங்கினால், பெரிய உரக்கூடத்தில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கவேண்டும்.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து துணுக்குகளைப் பொறுக்கினோம். முக்கால் மணி நேரம் ஆனது. சல்லடைக் கண்ணில் நழுவி உரத்தோடு போனவற்றை எடுக்கவே முடியவில்லை.