எடை அதேதான், உடம்புதான் வேறு

இலங்கை மலையகத்தில் 60 வயதைத் தாண்டிய பல பெண்களின் உடம்பு ஒரே மாதிரி மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். கையும் காலும் மெலிந்துபோகும், தொடையில் சதை வற்றும், வயிறு மட்டும் முன்னே வந்து நிற்கும். கிளினிக்கில் தராசில் ஏறினால், முப்பது வயதில் இருந்த அதே 50 கிலோதான். "எடை கூடவில்லை, நல்லது" என்று கொப்பியில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த 50 கிலோவுக்குள் தசை பல கிலோ குறைந்து, ஏறத்தாழ அதே அளவு கொழுப்பு வந்து சேர்ந்திருக்கலாம். அதைத் தராசு காட்டாது.

30 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையில் 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 60க்குப் பிறகு அது இன்னும் வேகமாகக் குறையும். பலம் அதைவிட வேகமாகப் போய்விடும். இந்தத் தசையிழப்புக்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் அர்வின் ரோசன்பெர்க். 1980களின் கடைசியில்தான் அந்தப் பெயரே வந்தது. அதுவரை மருத்துவர்களும் இதை 'வயசாகிவிட்டது' என்ற ஒரே சொல்லில் அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

தசை ஏன் குறைகிறது? காரணத்தில் ஒரு பங்கு தசைக்கு வெளியே, முதுகுத்தண்டில் இருக்கிறது. தசை என்பது மெல்லிய இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையும் முதுகுத்தண்டில் உள்ள ஒரு நரம்புக் கலம் சொன்னால்தான் சுருங்கும். தொடை போன்ற பெரிய தசைகளில், ஒரு கங்காணிக்குக் கீழே அவருடைய ஆட்கள் வேலை செய்ததுபோல, ஒரு நரம்புக் கலத்தின் கீழ் நூற்றுக்கணக்கான இழைகள் வேலை செய்கின்றன. வயதாக ஆக இந்தக் கங்காணிகளில் சிலர் போய்விடுகிறார்கள். அவர்களுடைய ஆட்களில் கொஞ்சப் பேரைப் பக்கத்துக் கங்காணி சேர்த்துக்கொள்வார். மீதிப் பேர் யாரும் வேலை கொடுக்காமல் நின்று, கடைசியில் இல்லாமலே போவார்கள். நரம்பும் அப்படித்தான் பக்கவாட்டில் கிளை விட்டு, கைவிடப்பட்ட இழைகளில் சிலவற்றைப் பிடித்துக்கொள்கிறது. மற்றவை சுருங்கி அழிகின்றன. மிஞ்சியிருக்கும் நரம்புகளுக்கு வேலை கூடுகிறது, அசைவின் நுணுக்கம் குறைகிறது.

எல்லா இழைகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. தசையில் இருவகை இழைகள் உண்டு. மெதுவானவை நாள் முழுக்க நிற்கவும் நடக்கவும் உதவும், சீக்கிரம் களைக்காது. வேகமானவை ஒரு கணத்தில் பெரிய விசையைக் கொடுக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். வயதில் அதிகம் சுருங்குவது வேகமான இழைகள்தான். மழைக்காலத்தில் லயத்துக்கு இறங்கும் பாசி பிடித்த படியில் கால் வழுக்கும்போது, விழாமல் சட்டென்று காலை ஊன்றிப் பிடிப்பது இந்த வேகமான இழைகளின் வேலை. முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் எலும்பின் பலவீனத்துக்குப் பங்கு உண்டு, சரி. ஆனால் விழுந்ததற்குக் காரணம் பல நேரம் தசைதான்.

"வாழ்நாள் முழுக்க மேட்டில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்தவர்களுக்குமா தசை குறையும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து கேட்கிறார்கள். சரிவில் நின்றபடி, சுமையோடு, முப்பது நாற்பது வருடம் செய்கிற வேலை அது. இந்த உழைப்பு இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது, மெதுவான இழைகளையும் காக்கிறது. வேகமான இழைகள் வேறு ஒன்றைக் கேட்கின்றன. சில தடவைக்கு மேல் தூக்க முடியாத கனம் வந்தால்தான் அவை முழுதாக வேலைக்கு இறங்கும். டென்மார்க்கில் நடந்து 1990இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 70 வயதை நெருங்கிய ஆண்களில் பல ஆண்டுகளாக ஓடியவர்கள், நீந்தியவர்கள், எடை தூக்கியவர்கள், எதுவும் செய்யாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். எடை தூக்கியவர்களின் தசை அளவும் பலமும் இளைஞர்களுடையதை ஒத்திருந்தன. ஓடியவர்களுக்கும் நீந்தியவர்களுக்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அவர்களின் தசை, பயிற்சியே செய்யாதவர்களின் தசையைப் போலவே இருந்தது.

என் அப்பாயி கடைசிக் காலம் வரை மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறுவார். ஆனால் தாழ்வான பலகையிலிருந்து எழும்பும்போது கையை ஊன்றித்தான் எழும்புவார். ஒரே உடம்பில் இரண்டும் எப்படி என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. நடப்பதற்கு ஓர் இழை, எழும்புவதற்கு வேறோர் இழை.

இதோடு தசையின் பராமரிப்பும் மந்தமாகிறது. தசைப் புரதம் ஒவ்வொரு நாளும் உடைந்து, புதிதாகக் கட்டப்படுகிறது. புதிதாகக் கட்டச் சொல்லும் தூண்டல்கள் இரண்டு: கனமான வேலை, சாப்பாட்டில் வரும் புரதம். இளைஞரின் தசை ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.25 கிராம் அளவு புரதம் வந்தாலே வேலையைத் தொடங்கிவிடும். வயதானவரின் தசைக்கு அதே தூண்டல் கிடைக்க 0.4 கிராம் அளவு தேவைப்படுகிறது. 50 கிலோ எடை உள்ளவருக்கு அது வேளைக்கு 20 கிராம்.

நம் சாப்பாட்டில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. காலையில் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டால் வயிறு நிறையும். இரண்டு ரொட்டியில் 10, 15 கிராம் புரதம்கூட இருக்கும். ஆனால் கோதுமைப் புரதத்தில், தசை கட்டத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. இரவுச் சாப்பாடு சோறும் ஒரு கீரையும் என்றால் புரதம் அதற்கும் கீழே போய்விடும். வீட்டில் முட்டையும் மீனும் முதலில் பிள்ளைகளுக்கு, அடுத்து ஆண்களுக்கு, மிச்சம் இருந்தால் ஆச்சிக்கு என்று போகும். அதிகம் தேவைப்படுபவருக்குக் கடைசியில் கொடுக்கிறோம். இது மாற வேண்டும்.

இனி கொழுப்புக்கு வருவோம். "40 வயதோடு உடம்பு கலோரியை எரிப்பதை நிறுத்திவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். 2021இல் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் அளவுகளை வைத்து வெளிவந்த பெரிய ஆய்வு அதை மறுத்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் அளவில் இறங்குகிறது. 'தசை போனதால் கலோரி எரியவில்லை' என்ற விளக்கமும் முழுதாகப் பொருந்தாது. ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை நாளுக்குச் சுமார் 13 கலோரிதான் எரிக்கும். 5 கிலோ தசை போனாலும் வித்தியாசம் 65 கலோரி, அதாவது நான்கு தேக்கரண்டி சீனி.

அப்படியானால் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? பெரிய பங்கு, வேலையின் அளவு குறைவதிலிருந்து வருகிறது. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அந்தக் காசை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவதை நிறுத்தும் ஒருவரின் உடலுழைப்பு ஒரே மாதத்தில் தலைகீழாகிறது. நாளுக்கு நூற்றுக்கணக்கான கலோரி மிச்சமாகிறது. பழகிய தட்டின் அளவும் தேத்தண்ணியில் போடும் சீனியும் அப்படியே இருக்கின்றன.

அடுத்தது, கொழுப்புத் திசுவே சோம்பிப்போகிறது. கொழுப்புக் கலங்கள் எப்போதும் கொழுப்பைச் சேர்ப்பதும் வெளியேற்றுவதுமாக இருக்கும். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 54 பேரைச் சராசரியாக 13 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, எடை கூடினவர், குறைந்தவர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் இந்த வெளியேற்றம் வயதோடு மந்தமாகியிருந்தது. சாப்பாட்டைக் குறைத்து அதை ஈடுகட்டாதவர்களின் எடை சராசரியாக 20 சதவீதம் கூடியது.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது இன்னொரு மாற்றம் சேர்கிறது. ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் இருக்கும்வரை கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் சேரும். அது குறைந்ததும் கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பிலிருந்து வெளியாகும் கொழுப்பமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் அது வழி திறக்கிறது. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. ஆனால் கரைவதற்கு அதுதான் பிடிவாதம் பிடிக்கும். அட்ரினலின் வந்து 'கொழுப்பை விடு' என்று சொல்லும்போது அதைக் கேட்கும் ஏற்பிகளும், 'விடாதே' என்று தடுக்கும் ஏற்பிகளும் கொழுப்புக் கலத்தில் இருக்கின்றன. இடுப்பு, தொடைக் கொழுப்பில் தடுக்கும் ஏற்பிகள் அதிகம். எந்த இடத்தில் முதலில் கரைய வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசைக்கு நல்லது, அதற்கு மேல் மூடியிருக்கும் கொழுப்பைத் தனியாகக் கரைக்காது.

தெற்காசியருக்கு இதில் இன்னொரு பாதகம். மெலிந்து தெரியும் உடம்பிலும் நமக்குக் கொழுப்பு விகிதம் கூடுதல். யாஜ்னிக், யூட்கின் என்ற இரு மருத்துவர்கள், ஒருவர் இந்தியர், மற்றவர் பிரித்தானியர், 2004இல் தங்கள் படத்தையே வெளியிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறைச் சுட்டெண், அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு, 22.3. ஆனால் பிரித்தானியரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரின் உடலில் 21.2 சதவீதம். ஆகவே நமக்கு இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பதே எச்சரிக்கை எல்லை.

தசைக் குறைவும் கொழுப்புக் கூடுவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியை உள்ளே இழுத்துக்கொள்ளும் பெரிய இடம் தசை. அது சுருங்கினால் சீனி இரத்தத்திலேயே தங்கும், இன்சுலின் கூடும், கொழுப்பு சேர்வது எளிதாகும். சேர்ந்த கொழுப்பு அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களை வெளியிட்டுத் தசைப் புரதம் கட்டுவதைத் தடுக்கும். தசை இழைகளுக்கு இடையிலும் கொழுப்பு புகுந்துவிடும். இந்த நிலையில் 'வயிற்றைக் குறைக்கணும்' என்று ஒரு ஆச்சி பட்டினி கிடந்தால், கொழுப்போடு தசையும் போகும். முதலில் காப்பாற்ற வேண்டியது தொடையை, வயிறு அதற்குப் பிறகுதான் என்பேன்.

படுக்கையும் ஆபத்து. சராசரியாக 67 வயதான ஆரோக்கியமானவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. காய்ச்சலோ ஆஸ்பத்திரியோ, எழும்ப முடிகிற அன்றே நடக்க வைப்பது அவ்வளவு முக்கியம்.

நல்ல செய்தி, தசை எந்த வயதிலும் பயிற்சிக்குப் பதில் சொல்கிறது. பொஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் குழு 1990இல், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயதுள்ள 10 பேருக்கு 8 வாரம் கனமான காற்பயிற்சி கொடுத்தது. கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் அளவு 9 சதவீதம் வளர்ந்தது.

லயத்தில் இதைச் செய்ய இயந்திரம் வேண்டாம். ஒரு கதிரை போதும். கையை ஊன்றாமல் எழும்பி, மூன்று நான்கு விநாடி எடுத்து மெதுவாக உட்கார வேண்டும். சிவனொளிபாதமலையிலிருந்து இறங்கும்போது தொடை நடுங்குமே, அப்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அப்படித் தாங்கும் பலம் முதுமையிலும் மற்றப் பலத்தைவிட அதிகம் மிஞ்சியிருக்கும். மெதுவாக உட்காருவதால் அதைப் பயன்படுத்திப் பயிற்சி பெறுகிறோம். 10 தடவை எளிதாகிவிட்டால், 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துச் செய்யலாம். கிழமைக்கு இரண்டு நாளாவது செய்ய வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, இரத்த அழுத்தம் ஏறும். வலுவில்லாதவர் சுவரோரமாகவோ ஒருவர் துணையோடோ தொடங்கட்டும்.

சாப்பாட்டில் நாளுக்கு, உடல் எடைக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் போதும், அதை மூன்று வேளைக்கும் பிரிக்க வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த பருப்பு 100 கிராமில் 9 கிராம், அவித்த கடலையிலும் அவ்வளவே. காய்ந்த நெத்தலியின் எடையில் பாதிக்கு மேல் புரதம், தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டால் சரி. பருப்பில் லைசின் தாராளமாக இருப்பதால் ரொட்டியோடு கெட்டிப் பருப்பு நன்றாகப் பொருந்தும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வீட்டில் உள்ள பெரியவர்களைச் சோதிக்க, கையைக் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து 5 தடவை எழும்பி உட்காரச் சொல்லுங்கள். தசையிழப்புக்கான ஆசிய வல்லுநர் குழுவின் 2019ஆம் ஆண்டு வரையறைப்படி 12 விநாடிக்குள் முடிய வேண்டும். கெண்டைக்காலின் தடித்த இடத்தைத் தையல் நாடாவால் அளந்தால் ஆணுக்கு 34 சென்ரிமீற்றருக்கும் பெண்ணுக்கு 33க்கும் குறையக் கூடாது. நேரம் அதைத் தாண்டினாலோ சுற்றளவு இதற்குக் குறைந்தாலோ அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். காரணமில்லாமல் எடை இறங்கிக்கொண்டிருந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.