மதங்கள் பிறந்த நூற்றாண்டுகளில் நின்றுபோன கடிகாரம்

புத்தர் கி.மு. 563இல் பிறந்தார் என்று பள்ளிப் பாடநூல் ஒற்றை ஆண்டாகச் சொல்கிறதே, அதை யார், எதைக் கொண்டு அளந்தார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். யாரும் அளக்கவில்லை, அது ஒரு கூட்டல் கணக்கின் விடை. அசோகர் தமது 13ஆம் பாறைக் கல்வெட்டில் தம் காலத்துக் கிரேக்க மன்னர்கள் ஐவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். சிரியாவின் இரண்டாம் அந்தியோக்கஸ், எகிப்தின் இரண்டாம் தாலமி முதலிய அந்த ஐவரும் ஒருசேர ஆட்சியில் இருந்த ஆண்டுகள் கிரேக்க வரலாற்றிலிருந்து தெரியும் என்பதால், அசோகர் முடிசூடியது கி.மு. 265ஐ ஒட்டி என்று கணிக்க முடிகிறது. (அதே கல்வெட்டில் சோழரும் பாண்டியரும் வருகிறார்கள், ஆனால் அவர்களின் காலத்தை நாம் அசோகரிடமிருந்துதான் அறிகிறோமே தவிர, அசோகரின் காலத்தை அவர்களிடமிருந்து அல்ல.) புத்தர் மறைந்து 218 ஆண்டுகள் கழித்து அசோகர் முடிசூடினார் என்கிறது இலங்கையின் பாலி மரபு, புத்தர் 80 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதும் மரபுச் செய்தியே. மூன்றையும் கூட்டினால் 563. ஆனால் வடநாட்டு பௌத்த மரபு 218க்குப் பதிலாக 100 என்கிறது. அதை ஏற்றால் புத்தர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்னால் வந்துவிடுவார்.

ஏடுகள் இப்படி முரண்படும்போது மண்ணையும் தோலையும் கேட்கலாமே என்று தோன்றுவது இயல்பு. சில மதங்களின் தொடக்கத்தை ஆராய அந்த வழி நன்றாகவே உதவியிருக்கிறது. 1947 முதல் சாக்கடலோரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த, பைபிளின் பழைய ஏற்பாட்டைச் சேர்ந்த ஏசாயா நூலின் சுருள், இயேசு பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டது என்பதைக் கதிரியக்கக் கார்பன் சோதனை உறுதிசெய்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ள குர்ஆன் தோல் ஏடுகள் இரண்டின் காலம் 95.4 விழுக்காடு நிகழ்தகவுடன் 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. நபிகள் நாயகத்தின் வாழ்நாளாக மரபு சொல்வது ஏறத்தாழ 570 முதல் 632 வரை. அந்தச் சோதனை காட்டுவது ஆடோ கன்றோ இறந்த காலத்தைத்தானே தவிர, அதன் தோலில் மை பட்ட காலத்தை அல்ல என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குப் போனால் இந்தக் கருவியே தடுமாறுகிறது. என்னை இந்தத் துறையின்பால் ஈர்த்ததும் அந்தத் தடுமாற்றம்தான்.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததே. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் மேல் வளிமண்டலத்தில் நைட்ரஜன் அணுக்கள் கார்பன்-14 ஆகின்றன. செடிகொடிகள் அதை உட்கொள்கின்றன. உயிர் போனபின் புதிதாக எதுவும் சேராமல், இருப்பது மட்டும் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. மிச்சத்தை அளந்தால் இறந்த காலம் தெரியும். 1940களின் இறுதியில் இம்முறையை உருவாக்கிய வில்லார்ட் லிப்பி 1960இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தக் கணக்கு, வளிமண்டலத்தில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவில் இருந்தது என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அப்படி இருக்கவில்லை. சூரியன் மந்தமாக இருக்கும் காலங்களில் அதன் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களைத் தடுப்பது குறைகிறது, அதனால் கார்பன்-14 கூடுகிறது; சூரியன் மீண்டும் சுறுசுறுப்படையும்போது குறைகிறது. கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி இப்படி உயர்ந்த அளவு, பிறகு சில நூற்றாண்டுகள் மெல்ல இறங்கியது. இறங்கிய வேகமோ, கார்பன்-14 இயல்பாகச் சிதையும் வேகத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போனது.

ஓட்டைக் குடங்கள் இரண்டை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றைக் காலையில் விளிம்புவரை நிரப்புகிறோம். நண்பகலில் அதில் எவ்வளவு நீர் எஞ்சியிருக்கிறதோ, சரியாக அதே அளவு நீரை இரண்டாவது குடத்தில் ஊற்றுகிறோம். மாலையில் வந்து பார்ப்பவருக்கு இரண்டிலும் ஒரே மட்டம். எது முந்தியது என்று சொல்லவே முடியாது. கி.மு. 750இல் வெட்டிய மரமும் கி.மு. 450இல் வெட்டிய மரமும் இன்று இந்தக் குடங்களைப் போலத்தான் இருக்கின்றன: மூத்தது 300 ஆண்டுகளில் கூடுதலாக இழந்த மூன்றரை விழுக்காட்டை, தொடக்கத்திலேயே கூடுதலாகப் பெற்றிருந்தது. ஆண்டு தெரிந்த மர வளையங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து வரைந்த அளவுத்திருத்த வளைகோட்டில் ஏறத்தாழ கி.மு. 800 முதல் கி.மு. 400 வரை தட்டையாகக் கிடக்கும் இப்பகுதிக்கு ஹால்ஸ்டாட் சமவெளி என்று பெயர்.

புத்தர், மகாவீரர், கன்பூசியஸ், பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட யூதர்களின் தீர்க்கதரிசிகள் ஆகியோரை மரபு வைக்கும் காலமெல்லாம் இந்தத் தட்டைப் பகுதிக்குள்ளேயே விழுகிறது. கார்ல் யாஸ்பர்ஸ் என்ற ஜெர்மானிய மெய்யியலாளர் 1949இல் 'அச்சுக் காலம்' (மனித சிந்தனை சுழன்று திரும்பிய அச்சு என்ற பொருளில்) என்று பெயரிட்ட நூற்றாண்டுகளின் முற்பாதி முழுவதும் நம் கார்பன் கடிகாரம் ஓடாத காலம். இதில் தெய்வச் செயல் எதையும் தேட வேண்டியதில்லை; ஆனாலும் இதைவிடச் சுவையான தற்செயலை நான் கண்டதில்லை.

இந்தப் பின்னணியில், புத்தர் பிறந்த இடமாக மரபு சொல்லும் நேபாளத்து லும்பினியைப் பார்க்க வேண்டும். அங்குள்ள மாயாதேவி கோயிலுக்கு அடியில் தொல்லியலாளர்கள் ராபின் கானிங்ஹாம், கோஷ் பிரசாத் ஆச்சாரியா ஆகியோர் தலைமையில் தோண்டியபோது, செங்கல் கட்டுமானங்களுக்குக் கீழே மரக்கம்பங்கள் நட்ட குழிகளும், நடுவே கூரையில்லாத வெளியில் ஒரு மரத்தின் வேர்த்தடங்களும் தென்பட்டன. குழியில் கிடைத்த கரித்துண்டுகள், எதிர்பார்த்தபடியே, கி.மு. 800க்கு அருகில் தொடங்கி 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீளும் விடையைத் தந்தன. எனவே மணலையும் கேட்டார்கள். புதைந்த குவார்ட்ஸ் மணல் துகள்கள் சுற்றுப்புறக் கதிரியக்கத்தால் எலக்ட்ரான்களைச் சிறைபிடித்துச் சேர்த்துக்கொண்டே வரும். கடைசியாக வெயில் பட்டபோது அந்தச் சேமிப்பு அழிந்து மீண்டும் தொடங்கியிருக்கும். ஆய்வகத்தில் ஒளியூட்டி, அவை உமிழும் ஒளியை அளந்தால் புதைந்த காலம் தெரியும். இதற்குச் சமவெளித் தொல்லை இல்லை. ஆனால் லும்பினி மணலில் பிழைவீச்சே இருநூறு ஆண்டுகளுக்கு மேல். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அந்த மர அமைப்பு கி.மு. 6ஆம் நூற்றாண்டினது என்று 2013இல் வெளியிட்டார்கள்.

'புத்தர் பிறந்த காலம் நிரூபணம்' என்று செய்திகள் வந்தன. அது எனக்கு ஏற்புடையதன்று. வேலியிட்டு வணங்கப்பட்ட ஒரு மரம் பௌத்தத்துக்கு முந்தைய மர வழிபாட்டின் சின்னமாகவும் இருக்கலாம். குழிக்கு மதம் எழுதி ஒட்டியிருப்பதில்லை. கீழடியின் கி.மு. 580 என்ற புகழ்பெற்ற மதிப்பும் இதே சமவெளியில்தான் நிற்கிறது என்பதால், நம் தலைப்புச் செய்திகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

சமவெளியைக் கடக்க வழி உண்டு. அது முற்றிலும் தட்டையன்று, சிறு மேடுபள்ளங்கள் உள்ளன; ஒரே மரத்துண்டின் பல வளையங்களைத் தனித்தனியே அளந்தால், அந்த வரிசை வளைகோட்டின் ஒரே ஓர் இடத்தில்தான் சரியாகப் பொருந்தும். ஒன்றுக்குப் பதில் பத்துப் பதினைந்து சோதனைகள் வேண்டும். சிலைகளுக்கும் மணிமண்டபங்களுக்கும் தாராளமாகத் திறக்கும் அரசுக் கருவூலங்கள் இதற்கும் கொஞ்சம் திறக்கலாம் என்பது என் கருத்து. லும்பினிக்கு அது மட்டும் போதாது. அங்கே கம்பங்கள் மக்கிப்போய், குழிகள்தான் எஞ்சியிருக்கின்றன.