நீங்க கொடுக்காத டேட்டாவும் உங்களப் பத்திப் பேசும்

"எனக்கு மறைக்க என்னங்க இருக்கு, எடுத்துட்டுப் போகட்டும்." நான் டேட்டா வேலை பாக்குறேன்னு தெரிஞ்சதும் முக்காவாசிப் பேர் சொல்றது இதான். அவங்க மனசுல இருக்கறது போட்டோ, பிறந்த தேதி, பேங்க் அக்கவுன்ட். ஆனா என்ன மாதிரி நெட்வொர்க் பக்கம் உக்காந்திருக்கறவங்களுக்கு அதெல்லாம் ரெண்டாம்பட்சம்ங்க, யாருக்கும் யாருக்கும் நடுவுல தொடர்பு இருக்கு, அது எப்போ ஆரம்பிச்சுது, எவ்வளவு அடிக்கடி பேசிக்கறாங்க, பொதுவா யார்யாரைத் தெரியும், இதான் மெயின். பேர் ஊர் எல்லாத்தையும் அழிச்சுட்டு வெறும் தொடர்புகள மட்டும் கொடுத்தாக்கூட ஒரு ஆளைப் பத்தி ஆச்சரியப்படற அளவுக்குச் சொல்லிடலாம்.

சும்மா சொல்லல. பேஸ்புக்ல இருந்த லார்ஸ் பேக்ஸ்ட்ராமும் கார்னெல் பல்கலைக்கழகத்தோட ஜான் க்ளைன்பெர்க்கும் 2013ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சுமார் 13 லட்சம் பேரோட நட்பு வலையை எடுத்து, வெறும் தொடர்புகள வெச்சே ஒருத்தரோட ப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல யார் அவரோட துணைன்னு கண்டுபிடிக்க முடியுமான்னு பாத்தாங்க. நமக்கு டக்குன்னு என்ன தோணும்? யாரோட காமன் ப்ரெண்ட்ஸ் அதிகமோ அவங்கதான் துணைன்னு. அது அவ்வளவா வேலைக்கு ஆகல. ஏன்னா கூட வேலை பாக்குறவருக்கும் உங்களுக்கும் நூறு காமன் ப்ரெண்ட்ஸ் இருக்கலாம், ஆனா அத்தனை பேரும் அதே ஆபீஸ், அவங்களுக்குள்ளயே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். புருஷன் பொண்டாட்டின்னா கணக்கே வேற, காமன் ஆளுங்க எண்ணிக்கை கம்மியாக்கூட இருக்கும் ஆனா ஒருத்தர் காலேஜ் கூட்டாளி, ஒருத்தர் சித்தப்பா பையன், ஒருத்தர் பழைய மேனேஜர்னு ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாம சிதறிக் கிடப்பாங்க. அந்தச் சிதறலை அளந்து பாத்தப்போ கல்யாணமானவங்கள்ல சுமார் 60 சதவீதம் பேருக்கு துணை யாருன்னு சரியா வந்துச்சு. மெசேஜ் ஒண்ணு படிக்கல, போட்டோ ஒண்ணு பாக்கல. இன்னும் ஒரு படி மேல, ஜோடின்னு போட்டிருந்தும் அந்தச் சிதறல் தெரியாதவங்க அடுத்த ரெண்டு மாசத்துல பிரியறதுக்கு வாய்ப்பு அதிகமா இருந்துச்சாம்.

இதுல உங்க பங்கு பாதிதான்ங்கறதுதான் விஷயமே. ஒரு தொடர்புன்னா ரெண்டு பக்கம் இருக்கு, நீங்க பொத்திப் பொத்தி வெச்சாலும் அந்தப் பக்கம் இருக்கறவர் ஒரு பட்டன் தட்டினா போதும். புதுசா ஒரு ஆப் போட்டதும் "கான்டாக்ட்ஸ் பாக்கலாமா"ன்னு கேக்கும், அவசரத்துல சரின்னு தட்டிடுவோம். அந்த நொடியில போறது உங்க டேட்டா இல்லைங்க, உங்க போன்ல இருக்கற எலக்ட்ரீஷியன், முன்னாள் காதலி, வக்கீல், டாக்டர் இவங்க எல்லாரோட டேட்டா. அவங்க அந்த ஆப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க.

2016ல அமெரிக்காவுல ஒரு மனநல மருத்துவரோட விஷயம் செய்தியாவே வந்துச்சு. அவங்ககிட்ட சிகிச்சைக்கு வர்ற நோயாளிகள, ஒருத்தருக்கொருத்தர் முன்னப் பின்ன தெரியாதவங்கள, "இவங்கள உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்"னு பேஸ்புக் பரிந்துரை பண்ண ஆரம்பிச்சுடுச்சு. அந்த டாக்டர் தன் கான்டாக்ட்ஸை பேஸ்புக்குக்குக் கொடுக்கவே இல்ல, ஆனா அவங்க அக்கவுன்ட்ல போன் நம்பர் இருந்துச்சு. எப்படி நடந்துச்சுன்னு கம்பெனி தெளிவா விளக்கல. இந்த வேலை பாக்குறவன்கற முறையில எனக்குத் தோணுறது ரொம்ப சிம்பிள்: நோயாளிங்க எல்லார் போன்லயும் அதே டாக்டர் நம்பர் சேவ் ஆகியிருக்கும், அவங்கள்ல சிலர் கான்டாக்ட்ஸை ஏத்தியிருப்பாங்க, சிஸ்டத்தோட கண்ணுக்கு இது "பொதுவான நண்பர் உள்ள ஒரு குழு", அவ்வளவுதான். முக்கோணத்துல ரெண்டு பக்கம் இருந்தா மூணாவது பக்கத்தையும் போட்டுப் பாரு, அதாவது ஒரே ஆளைத் தெரிஞ்ச ரெண்டு பேருக்கு ஒருத்தரையொருத்தரும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுக்கோ, பரிந்துரை அல்காரிதத்துக்கெல்லாம் அடிப்படையே இதான். அந்த நடு ஆள் நண்பரா மனநல டாக்டராங்கற கேள்வியே அதுக்குக் கிடையாது.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் ஆப் மூலமா எடுத்த பேஸ்புக் டேட்டாவைத் தேர்தல் பிரச்சார வேலைக்கு வாங்கின கம்பெனி. அதுல அந்த ஆப்பைப் போட்டவங்க சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர்தான், ஆனா 8 கோடியே 70 லட்சம் பேரோட விவரம் போயிருக்கலாம்னு பேஸ்புக்கே 2018ல சொல்லுச்சு. மிச்சப் பேர் பண்ண ஒரே தப்பு, அந்த ஆப்பைப் போட்டவங்களுக்கு ப்ரெண்டா இருந்தது.

இதுக்காக நெட்வொர்க் டேட்டாவே விஷம்னு சொல்ல வரல, அப்படின்னா நான் இந்த வேலையிலயே இருந்திருக்க மாட்டேன். நெருங்கின நண்பர்களவிட லேசா அறிமுகமானவங்க மூலமாதான் வேலைத் தகவல் அதிகம் வருதுன்னு சமூகவியல் ஆய்வாளர் மார்க் கிரானோவெட்டர் 1973லயே எழுதிட்டார். ஆனா அதை உண்மையிலேயே பெரிய அளவுல சோதிச்சுப் பாத்தது வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன் டேட்டாவுலதான், 5 வருஷம், 2 கோடிப் பேர், 2022ல ஆய்வு வந்துச்சு. ரொம்ப நெருக்கமும் இல்லாம ரொம்ப தூரமும் இல்லாம நடுத்தரமா இருக்கற பழக்கம்தான் வேலை மாறறதுக்கு அதிகம் கைகொடுக்குதுன்னு தெரிஞ்சுது. வேலை தேடறவங்களுக்கு உருப்படியான தகவல். ஆனா அந்தச் சோதனைக்காக ஒவ்வொருத்தருக்கும் யாரைப் பரிந்துரை பண்றதுங்கறதையே மாத்தி மாத்திக் காட்டினாங்க, யார்கிட்டயும் தனியா கேக்கல, யூசர் அக்ரிமென்ட்ல இருக்கற பொது வரிதான் சம்மதம். எனக்கு இது உறுத்துது. கூட வேலை பாக்குறவங்கள்ல பாதிப் பேருக்கு உறுத்தல, அது வேற கதை.

இன்னொண்ணு, "உங்க கான்டாக்ட்ஸை ஹேஷ் பண்ணிதான் அனுப்புறோம், எங்களுக்கே நம்பர் தெரியாது"ன்னு சில ஆப்ல போட்டிருப்பாங்க. ஹேஷ்னா நம்பரை ஒரு பக்கமா மட்டும் மாத்துற கணக்கு, வந்த விடையிலிருந்து நேரா நம்பருக்குத் திரும்ப முடியாது. கேக்க நல்லாருக்கு. ஆனா 10 இலக்க நம்பர் மொத்தமே ஆயிரம் கோடிதான், ஒவ்வொண்ணுக்கும் ஹேஷ் போட்டு ஒரு பட்டியல் வெச்சுக்கிட்டா எதிரெதிரா தேடி எடுத்துடலாம், நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தா சாதாரண ஹேஷுக்கு நிமிஷக் கணக்குல முடியற வேலை. பாஸ்வேர்டுக்குப் பொருந்தற பாதுகாப்பு போன் நம்பருக்குப் பொருந்தாது. அந்த வரியை நம்பி ஓகே தட்டாதீங்க.

என்ன பண்ணலாம்னா, முதல்ல போன் செட்டிங்ஸ்ல போய் கான்டாக்ட்ஸ் அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்குன்னு பாருங்க, டார்ச் லைட் ஆப்பெல்லாம் அதுல உக்காந்திருந்தா சிரிச்சுட்டு எடுத்துடுங்க. அனுமதியை எடுத்தா மட்டும் ஏற்கனவே போனது அழியாது, இதைப் பலபேர் கவனிக்கறதில்ல. பேஸ்புக், லிங்க்ட்இன் மாதிரி தளங்கள்ல ஏத்தின கான்டாக்ட்ஸை அழிக்கத் தனி இடம் இருக்கு, அங்க போய் அழிக்கணும். ஐபோன்ல ஐஓஎஸ் 18லேர்ந்து மொத்த லிஸ்ட்டையும் கொடுக்காம வேணுங்கற ஆளுங்கள மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம்.

டாக்டர், கவுன்சலர், வக்கீல், பத்திரிகையாளர் இப்படி உங்ககிட்ட வர்றதே ரகசியமா இருக்கணும்ங்கற வேலைன்னா இது போதாது. வேலை நம்பரை எந்த சோஷியல் மீடியா அக்கவுன்ட்லயும் கொடுக்காதீங்க, டூ பேக்டர் கோடுக்காகக்கூட (லாகின் பண்றப்போ பாஸ்வேர்டுக்கு மேல கேக்கற கோடு) வேண்டாம், அந்தக் கோடை போன்லயே உருவாக்கித் தர ஆத்தென்டிகேட்டர் ஆப் இருக்கு. ரெண்டு சிம் போட்டுட்டேன் போதும்னும் நினைக்காதீங்க, ரெண்டு சிம் இருந்தாலும் ஒரே போன்னா பெரும்பாலும் அட்ரஸ் புக் ஒண்ணுதான், ஆப் கேட்டா மொத்தமா சேர்ந்துதான் போகும். வேலைக்குத் தனி போனே வெச்சுக்கங்க, அதுல சோஷியல் மீடியா ஆப் எதையும் ஏத்தாதீங்க.